ஜெர்மனியில் திருச்சபை வரியும் சபையை விட்டு விலகுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனிக்கு வேலைக்கோ படிப்புக்கோ வருகிற தமிழர்கள் அந்நாட்டின் மதச்சார்பின்மையை முதன்முதலில் சந்திப்பது ஒரு படிவத்தில்தான். வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அந்தத் தாளில் மதச் சமூகம் எது என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதும் ஒரு சொல் மாதாமாதம் சம்பளச் சீட்டில் வந்து நிற்கும். அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது, அதை எப்படி நிரப்புவது, தவறினால் என்ன செய்வது, லட்சக்கணக்கான ஜெர்மானியர் ஏன் அதிலிருந்து பெயரை எடுக்கிறார்கள் என்பதற்கான பதில்கள் இவை.

திருச்சபை வரி யாருக்குப் போகிறது? யார் வசூலிக்கிறார்கள்?

கத்தோலிக்கத் திருச்சபை, 'எவாங்கேலிஷ்' எனப்படும் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) மாநிலச் சபைகள், யூதச் சமூகங்கள், வேறு சில சிறு அமைப்புகள் ஆகியவை தங்கள் உறுப்பினர்களிடம் மட்டும் வாங்கும் வரி இது. ஜெர்மன் மொழியில் கிர்ஷென்ஸ்டொயர் என்பார்கள். சம்பளக்காரர்களுக்கு நிறுவனமே பிடித்து, வருமான வரியோடு சேர்த்து வரி அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். வரி அலுவலகம் வசூல் செலவுக்காக 2 முதல் 4% வரை எடுத்துக்கொண்டு மீதியைச் சபைக்குக் கொடுக்கும். இரண்டு பெரிய சபைகளுக்கும் 2023இல் கிடைத்த தொகை 1,200 கோடி யூரோவுக்கு மேல்.

சம்பளத்தில் 9% போய்விடுமா?

போகாது. அந்த 9% வருமான வரியின் மீது கணக்கிடப்படுவது. பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டெம்பெர்க்கிலும் 8%, மற்ற 14 மாநிலங்களிலும் 9%.

ஆண்டு வருமான வரி 8,000 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 9% மாநிலத்தில் திருச்சபை வரி 720 யூரோ, 8% மாநிலத்தில் 640. கட்டிய தொகையை ஆண்டு வரிக் கணக்கில் சிறப்புச் செலவாக முழுவதும் கழித்துக்கொள்ளலாம். உங்கள் வருமானத்தின் மேல்தட்டுக்கு 35% வரி என்றால் 720இல் 252 திரும்பி வரும். கையை விட்டுப் போவது 468. கணக்கே தாக்கல் செய்யாதவர்களுக்கு இந்தப் பணம் கிடைக்காது. வருமான வரியே கட்டாத மாணவருக்குத் திருச்சபை வரியும் கிடையாது. குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கான வரிவிலக்குத் தொகையைக் கழித்துவிட்டுத்தான் இந்த வரியைக் கணக்கிடுவார்கள், அதனால் இன்னும் குறையும்.

அரசுக்கு மதம் இல்லை என்கிறார்கள். பிறகு அரசு ஏன் சபைக்காக வரி வசூலிக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

1801இல் ரைன் நதியின் இடது கரை பிரான்சுக்குப் போனது. அங்கே நிலத்தை இழந்த ஜெர்மன் சிற்றரசர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டியிருந்தது. கொலோன், மைன்ஸ், ட்ரியர் பேராயர்கள் அதுவரை நாடாண்ட இளவரசர்களும்கூட. மடங்களுக்கு வயலும் காடும் ஏராளம். 1803இல், அன்று ஜெர்மன் நாடுகளை இணைத்திருந்த புனித ரோமப் பேரரசின் தீர்மானம் ஒன்று இந்தச் சொத்துகளை எடுத்து அரசர்களிடம் கொடுத்தது. ஜெர்மன் வரலாற்றில் 'செக்குலரைசேஷன்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கைமாற்றம்தான். இறைநம்பிக்கை குறைவதை அந்தச் சொல் குறிக்கத் தொடங்கியது மிகவும் பின்னால்.

சொத்தை எடுத்துக்கொண்ட அரசர்கள் ஆயர்களுக்கும் குருமாருக்கும் சம்பளம் கொடுக்கும் கடமையையும் ஏற்க வேண்டியதாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை பெருகி, புதுப் பங்குகளும் (ஊர்ச் சபைகளும்) கோயில்களும் தேவைப்பட்டபோது அந்தச் செலவு அரசுகளுக்குச் சுமையானது. உங்கள் மக்களிடம் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சபைகளுக்கு வரி உரிமையைக் கொடுத்தார்கள். 1827இல் லிப்பெ என்ற சிறு நாட்டில் தொடங்கிய வழக்கம் ஒவ்வொரு நாடாகப் பரவியது. ஆக, இந்த வரி பிறந்ததே அரசு சபையைத் தன் தோளிலிருந்து இறக்கிவைக்க முயன்றபோதுதான்.

மன்னராட்சி விழுந்த பின் வந்த 1919ஆம் ஆண்டின் வைமர் அரசியலமைப்பு, 137ஆம் பிரிவில் அரசுக்கென்று சபை எதுவும் இல்லை என்று எழுதியது. பொதுச் சட்ட அமைப்புகளாக விளங்கும் மதச் சமூகங்கள் அரசின் வரிப் பட்டியலை வைத்து வரி விதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொன்னது. 1949இல் மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் 140ஆம் பிரிவு வழியாக இதை அப்படியே எடுத்துக்கொண்டது. சபையும் அரசும் பிரிந்திருக்கும், கணக்குப் புத்தகத்தில் மட்டும் சேர்ந்திருக்கும் ஏற்பாடு இது. பிரான்ஸ் 1905இல் செய்த பிரிவினையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே குடியரசு எந்த மதத்துக்கும் சம்பளமோ மானியமோ தருவதில்லை என்று சட்டத்தின் இரண்டாம் பிரிவே சொல்கிறது.

1803இன் சம்பளக் கடன் இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹாம்பர்க், பிரேமன் தவிர மற்ற மாநிலங்கள் ஆண்டுதோறும் 60 கோடி யூரோ அளவுக்குச் சபைகளுக்குக் கொடுத்து வருகின்றன. வரிப்பணம் என்பதால் இந்துவும் முஸ்லிமும் மதமற்றவரும் இதில் பங்கு கட்டுகிறார்கள். இதை ஒரு தொகையாகக் கொடுத்து முடித்துவிட வேண்டும் என்று 1919ஆம் ஆண்டின் 138ஆம் பிரிவு கட்டளையிட்டது. நூறாண்டு கடந்தும் அதற்கான சட்டத்தை எந்த அரசும் நிறைவேற்றவில்லை. திருச்சபை வரியைவிட, நியாயமாகக் கேள்வி கேட்க வேண்டியது இதைப் பற்றித்தான்.

பதிவுப் படிவத்தில் என்ன எழுத வேண்டும்?

பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். அரசியலமைப்பின்படி யாரும் தன் மத நம்பிக்கையைச் சொல்லக் கட்டாயமில்லை. ஆனால் உரிமையோ கடமையோ அதைப் பொறுத்திருந்தால், எந்தச் சமூகத்தின் உறுப்பினர் என்று அதிகாரிகள் கேட்கலாம். வரி அப்படியொரு கடமை. கட்டத்தில் கேட்பது உறுப்பினர் நிலையை மட்டுமே. நீங்கள் எந்தக் கடவுளை வணங்குகிறீர்கள் என்பதை அல்ல.

இந்து, முஸ்லிம், மதமற்றவர்: திருச்சபை வரி இல்லை. ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலுக்கு எத்தனை முறை போனாலும் அதற்காகச் சம்பளத்தில் எதுவும் பிடிக்கமாட்டார்கள்.

கத்தோலிக்கர்: வேளாங்கண்ணியிலோ மன்னாரிலோ திருமுழுக்குப் பெற்றிருந்தாலும் போதும். கத்தோலிக்கத் திருச்சபை உலகம் முழுவதும் ஒன்று என்பதால், ஜெர்மனியில் குடியேறியதும் அந்த ஊர்ப் பங்கின் உறுப்பினராகக் கருதப்படுவீர்கள். தனியாகச் சேர வேண்டியதில்லை.

லுத்தரன்: தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஜெர்மானியர். அவர் வழிவந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் ஜெர்மனியின் லுத்தரன் மாநிலச் சபைகளுக்கு உறவுக்காரர்கள். படிவத்தில் எவாங்கேலிஷ் என்று எழுதினால் அதையே சபையில் சேரும் அறிவிப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

பெந்தெகொஸ்தே மற்றும் சுயாதீன சபைகள்: மிகுதியான தவறுகள் இவர்களுக்கே நேர்கின்றன. ஆங்கிலத்தில் 'எவாஞ்சலிக்கல்' என்று தங்களைச் சொல்லிப் பழகியவர்கள், படிவத்தில் எவாங்கேலிஷ் என்பதைப் பார்த்ததும் நம்முடையது என்று எழுதிவிடுகிறார்கள். ஜெர்மனியில் அந்தச் சொல் வரி வாங்கும் மாநிலச் சபையைக் குறிக்கும். சுயாதீன சபைகள் பொதுவாக வரி வழியாகப் பணம் வாங்குவதில்லை, காணிக்கையும் தசமபாகமும்தான். மாநிலச் சபை உறுப்பினராக இல்லாதவர் வரி வாங்கும் சமூகம் எதிலும் இல்லை என்று எழுதுவதே சரி.

ஊரில் திருமுழுக்குப் பெற்றதை மறைத்து 'இல்லை' என்று எழுதினால் தெரியவா போகிறது?

எழுதாதீர்கள். பெர்லினில் வரி அலுவலகங்களுக்குள்ளேயே திருச்சபை வரிப் பிரிவு இயங்குகிறது. புதிதாக வந்தவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, முன்பு வாழ்ந்த ஊரையும் திருமுழுக்கு விவரத்தையும் கேட்பார்கள். திருமுழுக்கு நடந்த பங்குக்கு எழுதியும் விசாரிப்பார்கள். பிள்ளையைக் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்க்கும்போதோ கோயிலில் திருமணம் வைக்கும்போதோ உண்மை வெளிவந்துவிடும். பிறகு சில ஆண்டுகளுக்குப் பின்னோக்கி வரி கேட்டுக் கடிதம் வரும். உறுப்பினராக இருக்க விருப்பமில்லை என்றால் உள்ளதைப் பதிந்துவிட்டு முறைப்படி விலகுங்கள். அதற்கு ஆகும் நேரம் ஒரு முற்பகல்.

என் அனுமதியில்லாமல் பதிந்திருக்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் சம்பளச் சீட்டைப் பாருங்கள். மதம் என்ற இடத்தில் ரோமன் கத்தோலிக்கருக்கு ஆர்.கே., சீர்திருத்தச் சபையினருக்கு இ.வி. என்று இரண்டெழுத்துக் குறி இருக்கும். உறுப்பினர் அல்லாதவருக்குக் கோடு. குறி தவறு என்றால் நிறுவனத்தின் சம்பளப் பிரிவால் மாற்ற முடியாது. அவர்கள் மத்திய வரி அலுவலகத்தின் தரவைத்தான் எடுக்கிறார்கள், அந்தத் தரவு பதிவு அலுவலகத்திலிருந்து வருகிறது. பதிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் திருத்தம் கேளுங்கள். முதல் மாதமே கேட்டால் எளிது. மூன்று ஆண்டு வரி கட்டிய பிறகு கேட்டால், தவறாகப் பதிந்தார்களா, இப்போது மனம் மாறினீர்களா என்ற வாதம் எழும். அப்போது விலகல் அறிவிப்பு கொடுப்பதே பெரும்பாலும் குறுக்குவழி.

விலகும் நடைமுறை என்ன?

பெர்லினிலும் நார்த்ரைன்-வெஸ்ட்பாலியாவிலும் வட்டார நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டெம்பெர்க்கிலும் பிறப்பு, திருமணம் பதியும் அலுவலகம். பிரேமனில் சபை அலுவலகத்திலேயே முடியும். நீதிமன்றம் ஏன் என்றால் அதற்கும் ஒரு கதை உண்டு: ஜெர்மன் நாடுகளில் மிகப் பெரியதான பிரஷ்யா, பிரதமர் பிஸ்மார்க் காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபையோடு மோதிய நாட்களில், 1873 மே மாதச் சட்டங்களில் ஒன்றாக விலகும் உரிமையைக் கொண்டுவந்தது. வாழும் ஊரின் நீதிபதி முன் நேரில் அறிவிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அன்று பிரஷ்யாவாக இருந்த சில இடங்களில் அந்த வழக்கம் தொடர்கிறது.

இணையத்தில் நேரம் முன்பதிவு செய்யுங்கள். கடவுச்சீட்டு, முகவரிப் பதிவுச் சான்று இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். சில ஊர்களில் திருமணச் சான்றும் கேட்பார்கள். திருமுழுக்கு நடந்த தேதியும் ஊரும் தெரிந்தால் சொல்லலாம், தெரியாவிட்டாலும் நிறுத்தமாட்டார்கள். காரணம் கேட்கவும் மாட்டார்கள். அச்சிட்ட ஒரு பக்க அறிவிப்பில் எழுத்தர் முன் கையெழுத்திட வேண்டும். கட்டணம் பெர்லினிலும் நார்த்ரைன்-வெஸ்ட்பாலியாவிலும் 30 யூரோ. வேறு இடங்களில் மாறும். மின்னஞ்சல், சாதாரணக் கடிதம் செல்லாது. நேரில் போக முடியாதவர் நோட்டரி சான்றளித்த கையெழுத்தோடு அனுப்பலாம்.

14 வயது நிரம்பியவர் தானே விலகலாம். அதற்குக் கீழே பெற்றோர் அறிவிக்க வேண்டும். 12 வயதைத் தாண்டிய பிள்ளையின் மதத்தை அதன் விருப்பத்துக்கு எதிராக மாற்ற முடியாது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இது, இன்றும் நடப்பில் இருக்கிறது.

பெரும்பாலான மாநிலங்களில் அறிவித்த மாதத்தின் கடைசியோடு வரி நிற்கும். ஆண்டுக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு: மார்ச்சில் விலகிவிட்டு நவம்பரில் பெரிய போனஸ் வாங்கினால், அந்தப் போனஸுக்கும் ஓரளவு திருச்சபை வரி வரும். ஆண்டு முழுவதற்குமான வரியைப் போட்டு, உறுப்பினராக இருந்த மாதங்களுக்குப் பன்னிரண்டில் அத்தனை பங்கு என்று பிரிப்பதே காரணம்.

விலகல் சான்றை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

ஆயுள் முழுவதும். அலுவலகங்கள் தங்கள் பிரதியைச் சில ஆண்டுகளில் அழித்துவிடக்கூடும். வேறு மாநிலத்துக்குக் குடிபோகும்போது, திருமுழுக்குப் பதிவு இருக்கிறதே, விலகினதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டால் காட்ட வேண்டியவர் நீங்கள்தான். பிறப்புச் சான்றோடு ஒரே கோப்பில் வையுங்கள்.

வரியை மட்டும் நிறுத்திவிட்டுக் கத்தோலிக்கராகத் தொடர முடியாதா?

நம் மக்களில் பலருக்கு நெஞ்சை உறுத்தும் கேள்வி இது. நம்பிக்கை இருக்கிறது, ஞாயிறு திருப்பலிக்கும் போகிறார்கள், காணிக்கையும் போடுகிறார்கள். கட்டாய வரி மட்டும் பிடிக்கவில்லை. ஜெர்மன் ஆயர்கள் 2012 செப்டம்பரில் வெளியிட்ட ஆணை இதற்கு இடம் தரவில்லை. அறிவித்து விலகியவர் ஒப்புரவு, நற்கருணை, உறுதிப்பூசுதல் பெற முடியாது. நோயில்பூசுதல் சாகும் தறுவாயில் மட்டும். ஞானப்பெற்றோராக நிற்க முடியாது. கோயிலில் திருமணம் செய்ய ஆயரின் அனுமதி வேண்டும். மனவருத்தத்தின் அடையாளம் எதுவும் காட்டாமல் இறந்தால் திருச்சபை அடக்கம் மறுக்கப்படலாம். விலகியதும் பங்குத்தந்தை உரையாடலுக்கு அழைத்துக் கடிதம் எழுதுவார்.

அதே மாதம் மத்திய நிர்வாக நீதிமன்றமும், வரி வாங்கும் அமைப்பிலிருந்து மட்டும் விலகி நம்பிக்கைச் சமூகத்தில் இருப்பதாக அரசிடம் பதிய முடியாது என்று தீர்ப்பளித்தது. உள்ளே நடப்பது சபையின் விவகாரம் என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. சட்டப்படி அது பொருந்தும். ஆனால் ஒரு கையெழுத்துக்காக நற்கருணையை மறுப்பது மேய்ப்புப் பணிக்கு அழகில்லை என்பதே எங்கள் எண்ணம். ஆஸ்திரியா, இத்தாலி, போலந்து என்று ஒவ்வொரு நாட்டிலும் பண ஏற்பாடு வேறு. திருமுழுக்கு எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரிதாஸின் மருத்துவமனைகளில் வேலை செய்யும் செவிலியர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். கத்தோலிக்க நிறுவனத்தில் பணியிலிருக்கும்போது சபையை விட்டு விலகுவது வேலையைப் பாதிக்கலாம். கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள்.

நான் உறுப்பினர் இல்லை, மனைவி உறுப்பினர், அவருக்கு வருமானமும் இல்லை. வரி வருமா?

வரலாம். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வரிக் கணக்குப் போட்டால், கூட்டு வருமானத்தைப் பார்த்து மனைவியிடம் சிறப்புச் சபைக் கட்டணம் கேட்கும் சபைகள் உண்டு. ஆண்டுக்கு 96 யூரோவில் தொடங்கி 3,600 வரை போகும் அட்டவணை அது. எல்லா இடத்திலும் இல்லை. பவேரியாவின் சீர்திருத்தச் சபை 2018 முதல் கைவிட்டுவிட்டது. தனித்தனியாகக் கணக்குப் போட்டால் தப்பலாம், ஆனால் சேர்ந்து போடுவதால் கிடைக்கும் வரிச் சலுகை போய்விடும். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் அந்த இழப்பு பெரும்பாலும் கட்டணத்தைவிட அதிகமாகவே இருக்கும்.

ஜெர்மானியர் இத்தனை பேர் விலகுவது வரியை மிச்சப்படுத்தவா?

பணமும் ஒரு காரணம். 1991இல் கூட்டொருமை வரி என்று புதிதாக ஒன்று வந்ததும், வேறெதையாவது குறைப்போம் என்று திருச்சபை வரியை விட்டவர்கள் உண்டு. ஆனால் வரி விகிதம் மாறாமலேயே விலகல் பெருகியிருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு மட்டும் 2022இல் 5,22,821 பேர் விலகினார்கள். அதற்கு முன் எந்த ஆண்டிலும் இத்தனை பேர் போனதில்லை. 2023இல் 4,02,694, 2024இல் 3,21,611.

முதல் காயம் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை. 2010 ஜனவரியில் பெர்லினின் இயேசு சபைப் பள்ளியொன்றிலிருந்து தொடங்கி உண்மைகள் வெளிவந்தன. 2018இல் வந்த ஆய்வு, 1946 முதல் 2014 வரை 1,670 குருக்கள் மீதும் 3,677 சிறார்களைக் குறித்தும் கோப்புகளில் தடயம் இருப்பதைக் காட்டியது. சீர்திருத்தச் சபைகளின் ஆய்வு 2024 ஜனவரியில் குறைந்தது 2,225 பாதிக்கப்பட்டவர்களைக் கணக்கிட்டது. கொடுமையைவிட, அதை மூடிமறைத்ததே விசுவாசிகளை அதிகம் புண்படுத்தியது. கொலோனில் 2021 தொடக்கத்தில், ஒரு விசாரணை அறிக்கையைப் பேராயர் வெளியிடாமல் வைத்திருந்த நாட்களில், விலகுவதற்கான நேரம் அத்தனையும் நிரம்பி வழிந்தது. நீதிமன்றம் மாதம் 1,000 பேருக்கு என்று இருந்ததை 1,500 ஆக உயர்த்த வேண்டியிருந்தது. அந்த வரிசையில் நின்றவர்களில் பங்குப் பேரவையில் பல்லாண்டு உழைத்தவர்களும் இருந்தார்கள்.

அதற்கும் அடியில் ஓடுவது நீண்ட கால விலகல். 1950இல் கத்தோலிக்கரில் பாதிப்பேர் ஞாயிறு திருப்பலிக்குப் போனார்கள், 2023இல் 6.2%. கால் வைக்காமல் போய் இரண்டு தலைமுறை ஆன குடும்பத்தில், முதல் சம்பளச் சீட்டில் அந்த இரண்டெழுத்தைப் பார்க்கும் இளைஞர் இது எதற்கு என்று கேட்கிறார். பதில் சொல்ல வீட்டில் ஆளில்லை. 1950இல் மேற்கு ஜெர்மனியில் 100க்கு 95 பேர் இந்த இரண்டு சபைகளில் ஒன்றில் இருந்தார்கள். 2022இல் நாடு முழுவதும் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

விலகியவர்கள் எல்லாரும் நாத்திகர்களா?

இல்லை. வேறு நாடுகளில் சத்தமில்லாமல் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். ஏட்டில் பெயர் இருந்துகொண்டே இருக்கும். ஜெர்மனியில் வரி இருப்பதால் விலகுவது கையெழுத்தும் முத்திரையும் உள்ள செயலாகிவிட்டது, அதனால் எண்ணவும் முடிகிறது. அந்த எண்ணிக்கையை நம்பிக்கையின் அளவாக எடுத்துக்கொண்டால் தவறும். விலகியபின் வீட்டில் ஜெபிப்பவர்களும், சுயாதீன சபைக்குப் போனவர்களும் உண்டு. எதையும் நம்பாமல், பிள்ளையின் பள்ளிக்காகவோ பாட்டியின் மனசுக்காகவோ வரி கட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

கிழக்கு ஜெர்மனி வேறு கதை. 1950இல் அங்கும் பத்தில் ஒன்பது பேர் கிறிஸ்தவர்கள். கம்யூனிச அரசு சபைக்கான வசூலிலிருந்து 1950களில் கைவிலகியது. இளையோர் தம் விசுவாசத்தை உறுதிசெய்யும் சபைச் சடங்கான திடப்படுத்தலுக்குப் போட்டியாக 14 வயதுப் பிள்ளைகளுக்கு இளையோர் உறுதியேற்பு விழாவை வைத்தது. சபைப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி கடினமானது. நாற்பது ஆண்டில் பெரும்பான்மை போய்விட்டது, 1990க்குப் பின் திரும்பி வரவும் இல்லை. ஆனாலும் 1989 அக்டோபர் 9 அன்று லைப்சிக் நகரின் நிக்கோலாய் ஆலயத்திலும் பக்கத்து ஆலயங்களிலும் திங்கள் ஜெபம் முடிந்த பிறகு ஏறத்தாழ 70,000 பேர் அந்த அரசை எதிர்த்துத் தெருவில் திரண்டார்கள். அவர்களில் பலர் எந்தச் சபையின் ஏட்டிலும் இல்லாதவர்கள்.

வரி நின்றால் சபை மருத்துவமனைகள் மூடப்படுமா?

உடனே இல்லை. மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் பெருமளவு மருத்துவக் காப்பீடு, பராமரிப்புக் காப்பீடு, அரசுப் பணத்தில் ஓடுகின்றன. வரி குறையும்போது முதலில் அடிபடுவது பங்குகள்தான்: குருமார் சம்பளம், கட்டடப் பராமரிப்பு, மழலையர் பள்ளிகளில் சபை போடும் பங்கு. ஏற்கெனவே பங்குகளை இணைக்கிறார்கள், ஆலயங்களை விற்கிறார்கள்.

விலகியவர் திரும்பச் சேரலாமா?

சேரலாம். திருமுழுக்கை மீண்டும் கொடுப்பதில்லை. கட்டணமும் இல்லை, வெளியே இருந்த ஆண்டுகளுக்கு வரியும் கேட்பதில்லை. கத்தோலிக்கர் பங்குத்தந்தையிடம் பேச வேண்டும், அவர் ஆயருக்கு எழுதி அனுமதி பெறுவார். சீர்திருத்தச் சபைகளுக்குப் பெரிய நகரங்களில் மறுசேர்க்கை அலுவலகங்களே உண்டு. ஓர் உரையாடல், ஒரு கையெழுத்து. திருமுழுக்குச் சான்று, விலகல் சான்று இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். சேர்ந்த அடுத்த மாதம் முதல் சம்பளச் சீட்டில் அந்த இரண்டெழுத்து மறுபடி வரும்.